கீரை தின்ற வேன் அங்கிள்

சுங்கை வே அடுக்குமாடியில் பக்கிரிசாமி யாரென்று கேட்டால் பலருக்குத் தெரியாது. வேன் அங்கிள் என்றால் மூன்று வயதுப் பிள்ளைகூட விரல் நீட்டி வீட்டைக் காட்டும். இருபத்திரண்டு ஆண்டுகள் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். தொழிற்சாலை வேறு மாநிலத்துக்குப் போய்விட, ஐம்பத்து மூன்றாவது வயதில் பாலர் பள்ளி வேனுக்கு மாறினார். பஸ்ஸில் ஏறியவர்கள் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். வேனில் ஏறியவர்களோ கேள்வி கேட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

பக்கிரிசாமிக்குக் கீரை ஆகாது. நோய் ஒன்றுமில்லை, பிடிக்காது, அவ்வளவுதான். மனைவி தங்கமணி முப்பது ஆண்டுகளாக வடையில் ஒளித்துப் பார்த்தாள், சப்பாத்தி மாவில் அரைத்துச் சேர்த்துப் பார்த்தாள். ரசத்தில் மிதக்கும் கொத்தமல்லித் தழையையே விரலால் ஓரங்கட்டும் மனிதரிடம் என்ன பலிக்கும்? அவள் மதியச் சோற்றோடு கட்டிக்கொடுக்கும் கீரையைத் தினமும் வேனுக்குப் பின்னால் போய்க் குப்பைப் பையில் கொட்டிவிட்டு, காலி டப்பாவைக் காட்டி நல்ல பெயரும் வாங்கிவந்தார்.

ஒருநாள் வேனில் வரும் ரிஷி பார்த்துவிட்டான். நான்கு வயது, பார்த்தால் இரண்டரை என்றுதான் சொல்வார்கள்.

"அங்கிள், ஏன் சாயூர கொட்டுறீங்க?"

"அது வந்துடா... கீரை சாப்பிட்டா அங்கிள் மாடு மாதிரி கத்துவேன்லா. அதான்."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அவர் மறந்துபோனார். ரிஷி மறக்கவில்லை. மறுநாளைக்குள் பாலர் பள்ளி முழுவதற்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

அடுத்த மாதம் கிளினிக்கிலிருந்து நர்ஸ் ஜெயமாலா மிஸ்ஸி பிள்ளைகளை நிறுக்கவும் உயரம் அளக்கவும் வந்தார். பதினெட்டுப் பேரில் ஏழு பேருக்கு வயதுக்கேற்ற எடை இல்லை. மூன்று பேர் உயரத்திலும் பின்தங்கியிருந்தார்கள். இரண்டு பட்டியலிலும் ரிஷியின் பெயர் இருந்தது.

அவன் அம்மா ஜனகா பேரங்காடி ஷிப்ட் வேலையிலிருந்து ஓடிவந்தாள். "பால் குடுக்காம இல்ல மிஸ்ஸி. ஒரு நாளைக்கு நாலு போத்தல் குடிக்கிறான்."

"என்ன பாலும்மா?"

"டின்னு பாலுதான். சுடுதண்ணில கலக்கி."

அந்த டின்னில் பாலைவிடச் சீனிதான் அதிகம் என்று மிஸ்ஸி சொன்னதும் ஜனகாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க அழாதீங்க. டின்னுல மாட்டுப் படம் போட்டிருந்தா எல்லாரும் பால்னுதான் நெனைப்பாங்க. முட்டை, நெத்திலி, பருப்பு, கீரை, இது போதும். ரொம்ப விலை ஒசந்தது ஒண்ணும் வேணாம்."

பாலர் பள்ளியை நடத்தும் மலர்விழி டீச்சர், இனி மதியச் சோறு இங்கேயே என்று முடிவெடுத்தார். சோறு, அவித்த முட்டை, பருப்போடு கடைந்த கீரை, மேலே வறுத்துப் பொடித்த நெத்திலி. செலாயாங் மொத்தச் சந்தையிலிருந்து கீரைக் கட்டுகளை ஏற்றிவந்தவர் பக்கிரிசாமியேதான், மூக்கைச் சுளித்துக்கொண்டு.

திங்கட்கிழமை பதினெட்டுத் தட்டுகள் வைக்கப்பட்டன. ஒரு பிள்ளையும் தொடவில்லை.

"சாப்பிட்டா மாடு மாதிரி கத்துவோம் டீச்சர்" என்றாள் விஷ்ணுப்ரியா. வகுப்பிலேயே வாயாடி அவள்தான்.

"யாரு சொன்னா?"

பதினெட்டு விரல்களும் வாசலில் நின்ற பக்கிரிசாமியை நோக்கி நீண்டன.

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "அங்கிள், உள்ள வாங்க. இவங்க முன்னாடி சாப்பிட்டுக் காட்டுங்க. நீங்க கத்தலேன்னா பயம் போயிரும்."

"டீச்சர், நான் இப்பதான் பசியாறிட்டு..."

"அங்கிள்."

பிள்ளைகளின் பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்கால் முகவாயை இடிக்க, அவர் உட்கார்ந்தார். ஒரு பிடி கீரைச் சோற்றை எடுத்தார். கை வாய்வரை வந்து நின்றது. எதிரே ரிஷி நின்றான். அவன் மணிக்கட்டு அவருடைய பெருவிரல் கனம்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

பாதி இறங்கியது. மீதி தொண்டையில் நின்றது. பிள்ளைகள் மேல் தெறித்துவிடக் கூடாதே என்று வாயை இறுக மூடிக்கொண்டார். அடக்கிய இருமல் வேறு வழியில்லாமல் மூக்கு வழியாக வந்தது.

"ம்ம்ம்ம்மா..."

"அங்கிள் மாடாயிட்டாரு!" என்று விஷ்ணுப்ரியா அலறினாள். மூன்று பேர் மேசைக்கடியில் புகுந்தார்கள். ஒருவன் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ரிஷி மட்டும் ஓடவில்லை. கிட்டே வந்து பக்கிரிசாமியின் வழுக்கைத் தலையைத் தடவிப் பார்த்தான். கொம்பு எதுவும் இல்லை.

"நானும் கத்தணும்" என்று சொல்லித் தன் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்துப் போட்டுக்கொண்டான். விழுங்கிவிட்டுக் கொஞ்சம் பொறுத்திருந்தான். "ம்மா!" அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இன்னொரு பிடி. இன்னொரு "ம்மா!"

பத்து நிமிடத்தில் அந்த அறை மாட்டுத் தொழுவமாகிவிட்டது. பக்கத்து மோட்டார் பட்டறை ஆட்கள் ஸ்பேனரும் கையுமாக எட்டிப் பார்த்தார்கள். தட்டுகள் காலியாகிவிட்டன.

அன்று மாலை பக்கிரிசாமி லிப்டில் ஏறி வீடு சேர்வதற்குள் தங்கமணிக்குச் செய்தி எட்டிவிட்டது. "முப்பது வருசம் நான் கெஞ்சினேன். டீச்சரம்மா 'அங்கிள்'னு ஒரு வார்த்தை சொன்னதும் தட்ட வழிச்சுட்டீங்களாமே? இனிமே நானும் அப்படியே கூப்புடுறேன்." சொன்னபடியே ஒரு வாரம் காய்கறிப் பாசாரில் எல்லார் முன்னிலையிலும், "அங்கிள், அந்தக் கீரைக் கட்ட எடுங்க" என்று கூப்பிட்டு மானத்தை வாங்கினாள்.

புகார்கள் வந்தன. விஷ்ணுப்ரியா கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் கத்தினாள். ரிஷி பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் அர்ச்சனைக்கு நடுவே கத்தினான். குருக்களுக்கு மந்திரம் தடுமாறியது. ஜனகா வேனைத் தேடி வந்தபோது பக்கிரிசாமி முந்திக்கொண்டு, "மன்னிச்சிக்கம்மா, எல்லாம் என் வாயாலதான்" என்றார்.

"கத்திட்டுப் போகட்டும்ணே. ராத்திரி என் தட்டுலேர்ந்து கீரைய எடுத்துத் திங்கிறான்லா. போத்தல் கேக்குறதே இல்ல. அந்தக் கீரைய டீச்சர் எப்படிக் கடையிறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க, அதுக்குத்தான் வந்தேன்."

நான்கு மாதம் கழித்து மிஸ்ஸி மறுபடி நிறுத்துப் பார்த்தார். ஏழு பேரில் ஐந்து பேர் தேறிவிட்டார்கள். ரிஷிக்கு ஒரு கிலோ கூடியிருந்தது. ஆனாலும் இன்னும் குறைவுதான்; உயரம் பிடிக்க நாளாகும் என்று சொல்லி, மாதா மாதம் கிளினிக்குக்கு வரச் சொன்னார். ஜனகா தலையாட்டித் தேதியைக் குறித்துக்கொண்டாள்.

"பிள்ளைங்கள எப்படிச் சாப்பிட வெச்சீங்கன்னு கிளினிக் பாரத்துல எழுதணும். என்ன எழுதட்டும்?" என்று மிஸ்ஸி கேட்டார்.

டீச்சர் பக்கிரிசாமியைக் காட்டி ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் ரிஷியே கத்திக் காட்டிவிட்டான். மிஸ்ஸி சிரித்து முடித்து, 'பெரியவரின் முன்மாதிரி' என்று எழுதினார். பக்கிரிசாமி அந்தப் பாரத்தை வாங்கி இரண்டு முறை படித்தார்.

சில வாரங்களில் மேருவிலுள்ள ஒரு பாலர் பள்ளிக்கு, பிள்ளைகள் முன்னால் கீரை சாப்பிட்டுக் காட்ட அவரை அழைத்தார்கள். தங்கமணி தேய்த்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். வேனிலேயே நாலைந்து தடவை கத்திப் பழகியிருந்தார். போய்ப் பார்த்தால் அந்தப் பிள்ளைகள் கீரையைத் தாங்களே தின்று முடித்திருந்தார்கள். முட்டைதான் எல்லாத் தட்டிலும் அப்படியே கிடந்தது.

ஒரு சின்னப் பெண் தன் முட்டையை அவர் பக்கம் தள்ளினாள். "அங்கிள், இத சாப்பிட்டா என்ன ஆகும்?"

பக்கிரிசாமி திரும்பிப் பார்த்தார். 'அங்கிள்' என்று சொல்லிச் சாப்பிட வைக்க மலர்விழி டீச்சர் பக்கத்தில் எங்கும் இல்லை.

"யாருக்குத் தெரியும்? ரெண்டு பேரும் சாப்பிட்டுப் பாப்பமா?" என்று முட்டையை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை அவள் கையில் கொடுத்தார்.