ஓட்டை விழுந்த கீரை

மேடவாக்கத்தில் எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் தினமும் கீரை விற்கும் அக்காவிடம் இன்று காலை ஒரு கட்டு முளைக்கீரையை எடுத்துக்கொண்டு கேட்டேன்.

"அக்கா, இது மருந்தடிக்காத கீரைதானே?"

"மருந்தடிச்சதுதான் சார். போன வாரம் அடிக்காதத எடுத்தாந்தேன். எலையெல்லாம் ஓட்டையா கீதுன்னு நீங்கதானே திருப்பிக் குடுத்தீங்க?"

ஆமாம், கொடுத்தேன். பூச்சியே நம்பித் தின்ற கீரையை நான் நம்பவில்லை.

"அப்புறம் அதை என்ன பண்ணீங்க?"

"இன்னா பண்றது? எங்க வூட்ல கடைஞ்சு துன்னுட்டோம். சோக்கா இருந்துச்சு."

கையிலிருந்த பளபளப்பான கட்டுக்கே காசு கொடுத்துவிட்டு மாடியேறினேன்.

ஓட்டையும் இருக்கக் கூடாது, மருந்தும் இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட ஆர்கானிக் கீரை இந்தப் பக்கம் எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அதுவரை எங்கள் வீட்டில் மருந்துக் கடையல்தான்.