நைனாவின் ஐந்து மணி போன்

திருப்பதியில் நான் வேலை பார்க்கும் குழந்தைகள் மருத்துவமனையில் எனக்கு ‘ஊசி போடாத டாக்டர்’ என்று பெயர். நான் டாக்டரே இல்லை, உளவியலாளர் என்று ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, விட்டுவிட்டேன். ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் குழந்தைகளிடம் நாளை என்ன நடக்கும் என்று ஒரு துணிப் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுப்பது என் வேலையில் பாதி. எங்கள் வீட்டில் தமிழ் பேசுவோம் என்பதால் நகரி, புத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்படித்தான் நகரியிலிருந்து வந்த அந்த ஒன்பது வயதுப் பெண்ணிடம் போனேன். இதயத்தில் ஓட்டை. அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா, வீட்டிலேயே விசைத்தறி ஓட்டுகிறவர். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தறிக்குப் பக்கத்தில் நின்றபடியே போன் செய்வார். அவள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். தெரு முழுக்க ஓடும் தறிகளின் இரைச்சல் வார்டுக்குள் வந்து கொட்டும். நடுவே அவர் கத்துவார், இவளும் கத்துவாள். நர்ஸ்கள் முறைப்பார்கள். எனக்கென்னவோ அந்த இரைச்சல் பிடித்திருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் விடிகாலையில் அவர் மாரடைப்பில் இறந்துபோனார்.

அவளுடைய அம்மா என்னை லிஃப்ட் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். ஆதார் வேலையாக ஊருக்குப் போகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு, தன் தங்கையைத் துணைக்கு வைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“ஆபரேசன் முடியற வரைக்கும் சொல்லிடாதீங்க மேடம். அவ தாங்கமாட்டா.”

“செப்பொத்து மேடம்” என்று நர்ஸும் தெலுங்கில் அதையே சொன்னார். சொல்லாதே, சொல்லாதே. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆபரேஷனைத் தள்ளிவைக்க டாக்டர் தயாராக இருக்கிறார், நீங்கள் திரும்பி வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வோம் என்றேன். அதுவரை நானாகச் சொல்ல மாட்டேன், ஆனால் அவளே கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன் என்றேன்.

“கேக்க மாட்டா. அஞ்சு மணிக்கு அவ நைனா பேசுவாரு.”

துக்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் நான் கட்டிலில் உட்கார்ந்து, பொம்மையின் மூக்கில் மாஸ்க்கை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் ‘நைனா’ என்று வந்தது. அவளுடைய சின்னம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பாப்பா! துன்னியா?”

அதே குரல். காலையில் செத்துப்போனவர், தறிச் சத்தத்துக்கு மேலே கத்தி, மகள் சாப்பிட்டாளா என்று கேட்கிறார். அண்ணன் போனை எடுத்துப் பேசுவது அவருடைய தம்பி என்று என் புத்திக்கு எட்டக் கொஞ்ச நேரம் பிடித்தது. உடம்புக்கு எட்டவேயில்லை. கை ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. கூடப்பிறந்தவர்களின் குரல், மேலே தறியின் இரைச்சல், யாருக்கு வித்தியாசம் தெரியும்? அதற்காகவே பிணம் கிடக்கும் வீட்டில் தறியை ஓடவிட்டிருக்கிறார்கள்.

“துன்னேன் நைனா” என்றாள் அவள். இன்றைக்குக் கத்தவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“மேடம், எங்க தறி மட்டும்தான் ஓடுது. தெருவுல வேற ஒண்ணுமே ஓடல. உங்களுக்குக் கேக்குதா?”

கேட்டது. ஒற்றைத் தறி. அதைச் சுற்றி ஒரு சத்தமும் இல்லை. அவர்கள் தெருவில் சாவு விழுந்தால், பிணம் எடுக்கும் வரை எல்லா வீட்டிலும் தறியை நிறுத்திவிடுவார்கள். எனக்கே தெரிந்த வழக்கம், அங்கே பிறந்தவளுக்குத் தெரியாதா?

“சாவு எங்க வூட்லயா?”

“ஆமாம்மா.”

“நைனாவா?”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “ஆமாம்மா. காலைல செத்துப்போயிட்டாரு” என்றேன். சின்னம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பாப்பா! கேக்குதா? நைனா பேசிக்கினு இருக்கேன்!” என்றது போன்.

அவள் பொத்தியிருந்த கையை எடுத்தாள்.

“சித்தப்பா, தறிய நிறுத்திடு.”

தறி மட்டும் தடதடவென்று ஓடியது. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

“நிறுத்து சித்தப்பா. இனிமே கத்த வேணாம்.”

தறி நின்றது. அதுவரை அது மூடிவைத்திருந்த ஒப்பாரி முழுசாக வார்டுக்குள் வந்தது. எத்தனையோ பெண்களின் அழுகை. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடி, அந்தக் குரல்களுக்குள் எதையோ தேடினாள்.

“இது எங்கம்மா” என்றாள் என்னிடம். பிறகு அந்தக் குரலோடு சேர்ந்து அழ ஆரம்பித்தாள்.