கல்யாணக் கோட்டுக்கு மறுபிறப்பு

நார்வேயில் என் மேலதிகாரி முழங்கையில் ஒட்டுப்போட்ட ஸ்வெட்டரோடுதான் அலுவலகம் வருவார். நீலக் கம்பளிக்கு ஆரஞ்சு நிற ஒட்டு. முதல்நாள் பார்த்தபோது, பாவம், மனிதருக்கு வீட்டில் என்ன கஷ்டமோ என்று நினைத்தேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாரோ. நான் போயிருந்தது என் கல்யாணக் கோட்டில். வெளிநாட்டு அலுவலகத்தில் கோட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்பது நானாகவே கண்டுபிடித்த சட்டம். "உங்களுக்குத் திருமணமா?" என்று கேட்டார். "ஆமாம், ஆகிவிட்டது" என்றேன். மதியம் எல்லாரும் கேக்கோடு வந்து கைகுலுக்கினார்கள். மறுத்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு நார்வே மொழி வரவில்லை. கேக்கும் நன்றாக இருந்தது.

சந்தன நிறக் கோட்டு அது. சங்கரன்கோவிலில் சித்திரை வெயிலில், மண்டபத்து மின்விசிறிகள் சூட்டைச் சுற்றிச் சுற்றி விநியோகித்துக்கொண்டிருந்த வரவேற்பில், அதற்குள் நின்று அவிந்தேன். பக்கத்தில் நின்ற கோமதி என்னிடம் முதன்முதலாகப் பேசியதே, "ஏங்க, மயக்கமா வருதா?" என்பதுதான். அதன்பின் நான் வளர்ந்தேன், கோட்டு வளரவில்லை.

கோமதி பக்கத்தூரான திருவேங்கடத்தில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவள். காலையும் மாலையும் டவுன்பஸ்ஸில் ஊர்க்கதை பேசிக்கொண்டு போய்வந்தவளுக்கு இங்கே பேச்சுத்துணை ஜன்னலும் பனியும்தான். ஒருநாள் தீர்மானமாகச் சொன்னாள்: "சித்திரைக்குள்ள ஒரு வேலை கிடைக்கலன்னா நான் ஊருக்குப் போறேன். நீங்க இங்கனயே இருந்து கேக் தின்னுங்க."

சிரித்து மழுப்பினேன். உள்ளுக்குள் பயம்தான். அந்தச் சமயத்தில், அவள் விண்ணப்பித்திருந்த இங்குள்ள நாடக அரங்கின் உடைப்பிரிவிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. பழைய துணியைப் பிரித்துத் தானே தைத்த உடையை அணிந்து வர வேண்டுமாம். கோமதி அலமாரியைத் துழாவினாள். பிறகு என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு கோட்டைப் பார்த்தாள்.

"ஏட்டி, அது என் கல்யாணக் கோட்டு."

"எனக்கும் அன்னைக்குத்தான் கல்யாணம். இனி இத நீங்க போடவா போறீய? ஒரு கை நுழையட்டும், விட்டுருதேன்."

நுழைத்துப் பார்த்தேன். முழங்கையோடு நின்றது.

அவள் பிரித்துத் தைக்கத் தைக்க, கோட்டின் தோள் குறைந்தது, இடுப்பு ஒடுங்கியது. மிச்சத் துணி மடிப்புக் கழுத்தாகி மேலேறியது. என்னிடம் பத்து வருஷம் இருந்தும் வராத அழகு அதற்கு வந்துவிட்டது. நேர்காணலன்று என் பங்குக்கு நானும் ஏதாவது செய்ய நினைத்தேன். நம்மூரில் மஞ்சள் வைக்காமல் புதுத்துணி உடுத்துகிற வழக்கம் உண்டா? பின்பக்க ஓரத்தில் ஒரு பொட்டு வைக்கப்போனேன். அவசரத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு அப்பிவிட்டது. அவளிடம் சொல்லவில்லை.

துணைக்கு நானும் போயிருந்தேன். உடைப்பிரிவுத் தலைவி சூல்வை, கோட்டைக் கழற்றச் சொல்லி வாங்கிப் புரட்டினார். தையலைத் தடவிக்கொண்டே வந்த விரல் மஞ்சளில் நின்றது. "கறையா?"

கோமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தனக்குத் தெரிந்த நார்வே மொழியில், "கறை இல்லை. புது உடைக்கு எங்கள் ஊரில் மஞ்சள் வைப்போம்" என்றாள்.

"பழைய துணியில் அல்லவா தைக்கச் சொன்னோம்?"

"பழையதுதான். இவருடையது. நேற்றிலிருந்து புதிது."

சூல்வை என் தொப்பையை நிதானமாகப் பார்த்தார். பழைய துணி என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. கோட்டின் உட்புறத்தைத் திருப்பி, பிரித்த தடமே தெரியாத இணைப்புகளை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "திங்கட்கிழமை வர முடியுமா?" என்றார்.

வெளியே வந்ததும் கோமதி சொன்னாள்: "அடுத்த தடவ கொஞ்சமா வைங்க."

சித்திரை வந்தது. ஊருக்கு டிக்கெட் எடுக்கும்போது, "போக வர ரெண்டுக்கும் சேத்துப் போடுங்க" என்றாள். எது போவது, எது வருவது என்று நான் கேட்கவில்லை. பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலாகக் கோட்டை வைத்தாள். அந்த வெயிலுக்கு எதற்கு, ஊரில் காட்டவா, இங்கே திரும்பி இறங்கும்போது போடவா என்றேன்.

"ரெண்டுக்கும்தான். மூடியை அமுக்குங்க, பூட்டணும்."