பின்னேரம் வரை

நான் தேடிப்போன அந்துப்பூச்சி சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. சாம்பல் நிறச் சிறகின் ஓரத்தில், உப்புக் காய்ந்ததுபோல் ஒரு வெள்ளைக் கோடு. மன்னாரிலிருந்து சிலாபம் வரை, கடலோரக் களப்புகளை அடுத்த உவர்நிலங்களில்தான் இருக்கும் என்று படித்திருந்தேன். புத்தளம் உப்பளத்தில் இரண்டு நாள் வெயிலில் வெந்தும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

மூன்றாம் நாள் காலை, வரப்பில் முளைத்திருந்த உமரிச் செடிகளைப் பிடுங்க, அங்கே வேலை செய்யும் ஒரு முஸ்லிம் ராத்தா வந்தார். தலைச்சீலைக்கு மேல் ஓலைத் தொப்பி, யாரோ ஆணுடைய நீளச் சட்டை, உப்பு அரித்த விரல் நுனிகள். ஆனால் அவர் எதையும் பிடுங்கவில்லை. தூங்குகிறவரின் தோளைத் தொட்டு எழுப்புவதுபோல், செடி செடியாக மெல்ல உலுக்கிக்கொண்டே போனார். ஒவ்வொன்றிலிருந்தும் நான் தேடிய பூச்சிகள் நாலைந்து கிளம்பின.

“ஏன் ராத்தா, பிடுங்காமப் போறீங்க?”

“உள்ளுக்கு ஆக்கள் இருக்காங்களே தம்பி. இப்பச் சொல்லி வெச்சா, பின்னேரம் நான் பிடுங்க வரேக்க போயிருப்பாங்க.”

“அவ்வளவு நேரமா குடுப்பீங்க?” என்று சிரித்தேன்.

அவரும் சிரித்தார். “தொண்ணூறில முஸ்லிம் ஆக்கள் எங்கள யாழ்ப்பாணத்தால வெளிக்கிடச் சொன்ன இயக்கக்காரர் ரெண்டு மணித்தியாலம்தான் தந்தாங்க. நான் அவ்வளவு மோசமில்ல.”

சொல்லிவிட்டு அடுத்த செடியை உலுக்கப் போய்விட்டார்.

என் குறிப்பேட்டில் வாழிடம் என்ற இடத்தில், ‘உப்பள வரப்பு, உமரிச் செடி’ என்று எழுதினேன். பிறகு அதன் பக்கத்தில், ‘பின்னேரம் வரை’ என்று சேர்த்தேன். இன்றுவரை அதை வெட்ட மனம் வரவில்லை.