சங்கிலியை ஆட்டச் சொன்ன பாஸ்கல்

பாஸ்கலைப் பற்றிக் கேட்டால் துறைமுகத்தில் எல்லோரும் அவன் ஓட்டிய கிரேனைத்தான் சொல்வார்கள். நான் கல்மண்டபம் பக்கத்துப் பூங்காவிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு ஈரக்குலை நடுங்கியது அங்கேதான்.

அந்தப் பூங்காவில் தட்டு விளையாட்டு என்று ஒன்று உண்டு. எந்தக் காலத்திலோ பழுதாகிக் கரையில் மாட்டிக்கொண்ட ஒரு வெளிநாட்டுக் கப்பலின் இன்ஜினியர், பொழுது போகாமல், பட்டறை ஆட்களை வைத்து அங்கங்கே இரும்புக் கம்பங்களை நட்டுவிட்டுப் போனாராம். ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் சுற்றிச் சங்கிலிகள் தொங்கும். அடியில் ஒரு கூடை. தள்ளி நின்று பிளாஸ்டிக் தட்டை வீச வேண்டும். அது சங்கிலியில் பட்டுக் கூடையில் விழ வேண்டும். குறைந்த வீச்சில் எல்லாக் கம்பங்களையும் முடித்தவர்தான் ஜெயித்தவர். 2003இல் நாங்கள் ஆடும்போது கம்பங்கள் துருவேறிக் கோணிக்கொண்டு நின்றன. புங்கமரங்கள் வளர்ந்து பாதியை மறைத்துவிட்டன. அதனால் ஒருவர் கம்பத்தருகே போய்ச் சங்கிலியை ஆட்டுவது வழக்கம். சத்தம் வந்த பக்கம் வீச வேண்டியதுதான்.

பாஸ்கலோ மரம் மறைக்காத கம்பத்துக்கும் ஆட்டச் சொல்வான்.

"கண்ணு முன்னால நிக்கிது. உனுக்கு இன்னாத்துக்குத் தனியா மணியடிக்கணும்?" என்று எரிந்து விழுவேன்.

"ஆட்டு மாமு. கிரேன்காரன் கண்ண நம்ப மாட்டான்" என்று சிரிப்பான். வீசினால் பெரும்பாலும் தப்பாது.

எங்கள் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. வேறு பிழைப்புக்காரனாக இருந்தால் வந்திருக்கும். கிரேன் மேலே உட்கார்ந்தவனுக்குக் கப்பலின் அடிக்கிடங்கு தெரியாது. விளிம்பில் நிற்கும் சிக்னல்காரர் சொல்வதுதான் அவனுக்கு வேதம். நானே பார்த்துத் தூக்குகிறேன் என்று மிதப்பில் திரிகிறவனோடு யாரும் வேலை செய்ய மாட்டோம். எங்கள் சிக்னல்காரர் வேலப்பன் கையும் காட்டுவார், வாக்கி-டாக்கியிலும் சொல்வார். பாஸ்கல் அவர் குரலுக்குத்தான் அசைவான். அடிக்கிடங்கில் இரும்புச் சுருள்களோடு மல்லுக்கட்டும் நானும் என் கூட்டாளி வல்லரசும், ஆள் என்றால் இவன்தான் ஆள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாஸ்கல் நேராகப் பூங்காவுக்கு வந்துவிட்டான். அவன் மனைவி ஆலிஸ் பின்னால் டிபன் கொண்டுவருவதாகப் பேச்சு. நான் கம்பத்தருகே நின்று சங்கிலியை ஆட்டினேன். நடுவில் மரம் இல்லை, செடி இல்லை, நல்ல வெயில். அவன் கையைப் பின்னுக்கு இழுத்தான். அந்த நேரம் பார்த்து ஆலிஸ் பக்கவாட்டுக் கேட் வழியாக வந்து, என்னை நோக்கிக் குறுக்கே நடந்தாள். நான் சங்கிலியை விட்டுவிட்டு உள்ளங்கையை உயர்த்தினேன். எங்கள் தொழிலில் அதைப் பார்த்தால் எது எப்படி இருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும்.

பாஸ்கல் வீசினான்.

தட்டு ஆலிஸின் புருவத்தில் பட்டது. டிபன் கேரியர் தெறித்து உருள, அவள் ரத்தம் வழியும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"சங்கிலி சத்தமே காணோம். தட்டு எங்க மாமு போச்சு?" என்றான் பாஸ்கல்.

விளையாட்டுக்குக் கேட்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே கேட்டான். ஆலிஸின் முனகல் காதில் விழுந்து, அந்தப் பக்கம் நடந்து வந்தான். கொட்டிக்கிடந்த சோற்றை மிதித்துக்கொண்டே வந்தான்.

"ஆலிஸா? வுழுந்துட்டியா?" குனிந்து அவள் முகத்தைத் தடவினான். "இன்னா இப்டி வேர்த்துகினு கீற?"

அப்புறம் விரல்களை மூக்கருகே கொண்டுபோனான்.

துண்டைக் கிழித்து அவள் நெற்றியில் கட்டினேன். ஆலிஸ் என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"இவருக்குச் சர்க்கரை கண்ணுக்கு ஏறிடுச்சுண்ணே. வெளிச்சமும் நெழலும்தான் தெரியுது. போன வருஷம் தவக்காலத்துலர்ந்து."

போன வருஷம் தவக்காலத்திலிருந்து. அத்தனை நாளும் டன் கணக்கில் இரும்பு என் தலைக்கு மேல் ஏறி இறங்கியிருக்கிறது. தூக்கியவனுக்குக் கீழே நிற்பது ஆளா மூட்டையா என்று தெரியாது.

"தெரிஞ்சுகினேவா அனுப்சிகினு இருந்த? கீழ நாங்க கீறோம் ஆலிஸு."

"தெரியும்ணே. அதான் தெனமும் அந்தோணியாருக்கு உம் பேருக்கும் வல்லரசு பேருக்கும் மெழுகுவத்தி ஏத்துறேன்."

பொய் சொல்கிற பெண் இல்லை அவள். அதுதான் என்னை இன்னும் அதிரவைத்தது. அவளை ஓங்கி அறையலாமா, அவளோடு உட்கார்ந்து அழலாமா என்று எனக்குப் புரியவில்லை.

பாஸ்கல் சட்டையில் விரலைத் துடைத்தபடி சொன்னான். "நான் தப்பு பண்ணதில்ல மாமு. வேலப்பன் சொல்ற வரைக்கும் எனுக்கு ஒண்ணும் ஆவாது. வேலைய விட்டா வூட்ல அடுப்பு எரியாது. யாராண்டயும் சொல்லாத."

"இப்ப நிறுத்துன்னு கைய காட்னேனே."

"எப்போ?" என்றான்.

கேட்ட பிறகுதான் அவனுக்கே புரிந்தது. கையை நீட்டித் தேடி ஆலிஸின் நெற்றிக் கட்டைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "நாளிக்குக் காலையில என்ன ஃபோர்மேன்கிட்ட இட்டுனு போ. நானே சொல்லிட்றேன்" என்றான்.

மறுநாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து அவனே சொன்னான். ஃபோர்மேன் முதலில் நம்பாமல் சிரித்தார். பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

பாஸ்கலை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவன் இடத்தில் ஒரு இளவட்டத்தை ஏற்றினார்கள். கழுகுக் கண் என்றார்கள். கீழே நானும் வல்லரசும் சுருளில் கொக்கியை மாட்டிவிட்டோம். அது மேலே போகிற நேரத்தில் அடுத்த சுருளைத் தயார் செய்ய வேண்டும். இருவருமே அசையவில்லை. பாஸ்கல் இருந்தவரை ஒருநாளும் அண்ணாந்து பார்க்காதவர்கள், அன்று அண்ணாந்தபடியே நின்றோம்.