பாலிஷ் போட்டு வந்த கற்கள்

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்தி முழுக்க வெள்ளம் நிற்கும்போது மற்ற ஆம்பளைகள் சீட்டாடுவார்கள். என் வீட்டுக்காரர் கல் பொறுக்கப் போவார். வானூர்ப் பக்கம் செம்மண் ஓடைகளை மழை அரித்துவிட்டால், எந்தக் காலத்திலோ மரமாக இருந்து கல்லாகிப்போன துண்டுகள் மேலே வரும். அவற்றோடு சிப்பி பதிந்த கல், ஈரல் நிறக் கல் என்று பை நிறையக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் அடுக்குவார். "அரிசி வாங்கியாரச் சொன்னா கல்லத் தூக்கினு வர்றீங்களே, உலையில இதையா போடறது?" என்று கத்துவேன். காதில் வாங்கினால்தானே!

பேரன் பேத்தி எடுக்கும் வயதுகூட ஆகவில்லை, அவருக்குக் கண் போய்விட்டது. கண்ணில் பிரஷர், நரம்பு செத்துவிட்டது, போன பார்வை போனதுதான் என்றார் பாண்டிச்சேரி டாக்டர். உப்பு வெயில்தான் கண்ணைத் தின்றுவிட்டது என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். யாரைத் திட்டி என்ன ஆகப்போகிறது.

வீட்டுக்குள்ளேயே நிலைப்படியில் இடித்துக்கொள்வார். சோற்றுத் தட்டைத் தேடித் துழாவும்போது நான் பார்த்துவிட்டால் கோபம் வரும். "இருந்து என்ன பண்ணப்போறேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிச் சொல்வார். ராத்திரியில் ஏதாவது செய்துகொள்வாரோ என்று பயந்து, அறைக் கதவைச் சாத்தாமல் தூங்கப் பழகினேன்.

ஒருநாள் அவராகவே குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். கட்டைவிரலால் தடவினார். "இது நம்ம பொண்ணு பொறந்த வாரம் எடுத்தது. இங்க தொட்டுப் பாரு, பூச்சி துளைச்ச ஓட்டை" என்றார். அடுத்தது மரப்பட்டை. அதற்கடுத்தது சிப்பியின் வரிவரியான முதுகு. ஒவ்வொன்றும் எந்த ஓடை, எந்த மழை, கூட யார் வந்தார்கள் என்று விரல் சொல்லச் சொல்ல வாய் சொன்னது. முகத்தில் பழைய சிரிப்பு. அன்றிலிருந்து தினமும் கற்களோடுதான் பேச்சு. இந்தக் கற்கள் இருக்கும்வரை இந்த மனுஷன் பிழைத்துக்கொள்வார் என்று நான் நம்பினேன்.

என் தம்பி இடையஞ்சாவடியில் கல்லுக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் வேலை பார்க்கிறான். மாமா என்றால் அவனுக்கு உயிர். அவருக்குக் கண் வலி அதிகமாகி நாங்கள் ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தபோது வீட்டுச் சாவி அவனிடம் இருந்தது. திரும்பி வந்தால், பெரிய தாம்பாளத்தில் கற்களெல்லாம் எண்ணெய் தடவியதுபோல் மின்னுகின்றன. "சர்ப்ரைஸ்க்கா! மாமா கல்லுங்க அத்தினியும் டிரம்ல போட்டு உருட்டி, பாலிஷ் போட்டுட்டேன்" என்றான். எனக்கே கண் கூசியது. எவ்வளவு அழகு!

அவர் ஒரு கல்லை எடுத்துத் தடவினார். கீழே வைத்துவிட்டு இன்னொன்று. பிறகு இன்னொன்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓட்டை இல்லை, பட்டை இல்லை, சிப்பியின் வரி இல்லை. எல்லாம் ஒரே வழவழப்பு.

"ரொம்ப நல்லா இருக்குது மச்சான்" என்றார் அவர்.

தம்பி கிளம்பியதும் என்னிடம் ஒரு கல்லை நீட்டினார். "இது எதுன்னு பாத்துச் சொல்லு." எனக்கு எப்படித் தெரியும்? கண் இருக்கிறதே தவிர ஒன்றும் புரியவில்லை. "பொண்ணு பொறந்தப்ப எடுத்ததுங்க" என்றேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். "அவங்கிட்ட எதுவும் சொல்லிடாத. பாவம், ஆசையா செஞ்சிட்டான்" என்றார்.

அதன்பிறகு அவர் கற்களைக் கேட்கவே இல்லை. அழுதால் அவருக்குக் கேட்டுவிடும் என்று நானும் அழுவதில்லை.

வாரம் தவறாமல் தம்பி போன் செய்கிறான். "மாமா கல்லையெல்லாம் எடுத்துப் பாக்குறாராக்கா?"

"தினமும் பாக்குறாருடா" என்கிறேன். பக்கத்தில் அவர் இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்.