சீராக வந்த கன்னி நாய்

நான் கல்யாணமாகி ஸ்ரீவைகுண்டத்துக்கு வந்தபோது சீர்வரிசையோடு ஒரு நாய்க்குட்டியும் வண்டியில் வந்தது. இதைச் சொன்னால் ஆற்றுக்கரைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கோவில்பட்டிக்கு வடக்கே, எங்கள் கரிசல் பக்கம், கன்னி நாயை விலைக்கு விற்க மாட்டார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது பித்தளைக் குடம், குத்துவிளக்கோடு ஒரு குட்டியையும் கொடுத்தனுப்புவார்கள். கறுத்த உடம்பு, புருவத்தின் மேல் இரண்டு செம்பொட்டு, ஒட்டிய வயிறு, நீண்ட கால். முயல் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து இணை சேர்த்த சாதி நாய் அது.

ஜெர்மன் சண்டை வருவதற்குச் சில வருஷம் முந்தைய கதை இது. தாலிக்கயிற்றின் மஞ்சள் வெளுப்பதற்குள் என் வீட்டுக்காரர் கடை வேலைக்கென்று தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போய்விட்டார். வீட்டில் நானும் மாமியாரும்தான். அந்த அம்மாள் கெட்டவள் இல்லை. ஆனால் அவளுக்கு என்னிடம் பேச ஒன்றும் இல்லை, எனக்கும் அவளிடம் இல்லை. வாழை, நெல், வாய்க்கால் தண்ணீர், இவைதான் அவள் பேச்சு. வானத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த எனக்கு வாய்க்கால் முறையைப் பற்றி என்ன தெரியும்? நாள் முழுக்க நாயிடம் மட்டுமே வாய் திறந்து பேசிய நாட்கள் உண்டு.

குட்டி வளர்ந்ததும் மாமியார் அதை வாழைத்தோப்பில் காவலுக்குக் கட்டினாள். நான் சொல்லிப் பார்த்தேன்.

"அத்தை, இது ஓடுத நாயி. குலைக்கிற நாயி இல்ல."

"நாயின்னா குலைக்காம, பின்ன பாட்டா பாடும்? போட்டி, வேலையப் பாரு."

ஆவணியில் எவனோ ஒருவன் தோப்புக்குள் புகுந்து, நாய் கட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தார் வெட்டிக்கொண்டு போனான். நாய் மூச்சு விடவில்லை. விடிந்ததும் மாமியார் பிடித்துக்கொண்டாள்.

"களவாணிப் பய பக்கத்துல நின்னு தாரை வெட்டுதான், இது வாயில கொழுக்கட்டையா வச்சிருந்துச்சு? தெருவுல திரியுத சொறிநாயா இருந்தாக்கூட ஊரைக் கூட்டியிருக்கும்!"

எனக்கு வந்ததே கோபம்! கண்ணில் படுவதைச் சத்தமில்லாமல் துரத்துவதுதானே அதன் பாட்டன் பூட்டன் காலத்துப் பழக்கம்? குலைத்துக்கொண்டே போனால் முயல் காத்துக்கொண்டா இருக்கும்? காளை மாட்டை வாங்கிக் கட்டிவிட்டுப் பால் கறக்கவில்லை என்று வைகிற மாதிரி இருந்தது. வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டேன்.

புரட்டாசியில் அது கயிற்றை அறுத்துக்கொண்டது. பக்கத்து வயல்காரர் நாற்றங்காலில் அப்போதுதான் பயிர் பச்சை பிடித்திருந்தது. ஒரு கொக்கு எழும்பிப் பறக்க, நாய் அதன் பின்னால் பாய்ந்தது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகச் சேற்றை வாரியடித்துக்கொண்டு, வயிறு தரையில் உரச, என்ன ஓட்டம் ஓடியது! வரப்பில் நின்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த ஊருக்கு வந்தபின் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வயல்காரர் எங்கள் வாசலில் வந்து நின்று கத்தினார். "மதினி, உங்க மருமவ கொண்டாந்த சனியன் என் நாத்தங்காலை நாசமாக்கிட்டு. இனிமே அதை அவுத்து விட்டா நான் மனுசனா இருக்க மாட்டேன்!"

அதோடு தொழுவத்துத் தூணில் சங்கிலி போட்டாகிவிட்டது. நாய் தன் முன்னங்காலையே நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்டது. கார்த்திகையில் விலா எலும்பு துருத்தியது. மாமியாரே மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவினாள். "இங்கன கிடந்தா இது செத்துப் போவும், பிள்ள" என்றாள்.

தைப் பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீராகப் பொங்கல்படி கொண்டுவந்த என் அண்ணனோடு அதை அனுப்புவது என்று முடிவாயிற்று. கன்னி நாய் வளர்த்தவள் கையைத் தவிர இன்னொரு கையில் தின்னாது, பட்டினி கிடந்தே உயிரை விடும், அது ரத்தத்திலேயே ஊறியது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அதன் ஓட்டத்தை நம்பியது போலவே இதையும் நான் நம்பினேன்.

"நானும் வாரேனே அண்ணே. அது உங்ககிட்ட பழகுத வரைக்கும்."

அண்ணன் மாமியார் முகத்தைப் பார்த்தான். அவள் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தாள்.

"மச்சான் ஊர்ல இல்லாதப்ப நீ வந்து அங்க நின்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க, பிள்ள. அது தின்னலேன்னா நானே வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன். போதுமா?"

போதும் என்றேன். வண்டி போய்விட்டது.

அதற்குப் பின் தெருவில் மாட்டுமணி கேட்டால் போதும், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். அண்ணன் வருவான், உன் கையால்தான் தின்னுமாம், புறப்படு என்பான். மாமியாராலும் மறுக்க முடியாது. வாயில்லா ஜீவன் அல்லவா? மாற்றுச்சேலை இரண்டை மடித்துக் கொடியின் ஓரத்தில் தனியாகப் போட்டு வைத்திருந்தேன். இரவில் படுத்தால், கம்மங்கஞ்சிச் சட்டிக்கு முன்னால் அது முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடப்பதுதான் கண்ணுக்குள் நிற்கும். பாவமாக இருக்கும். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கும்.

அண்ணன் பங்குனியில்தான் வந்தான். முயல்கறி உப்புக்கண்டம் கொண்டுவந்திருந்தான். வா என்றுகூடச் சொல்லாமல், "தின்னுதா?" என்று கேட்டேன்.

"நல்லாக் கேட்ட போ! வழியில மாட்டை அவுத்துக் கட்டுன மொத இடத்துலயே நான் வச்ச சோத்தை வழிச்சு நக்கிட்டு. இப்ப உன் மதினி முந்தானையைப் புடிச்சுக்கிட்டுத்தான் திரியுது. கால் புண்ணு ஆறிட்டு. இந்த முயலுகூட அது புடிச்சதுதான்."

"நல்லதுண்ணே" என்றேன். மெய்யாகவே நல்லதுதான், பிழைத்துக்கொண்டது. உள்ளே போய் அவனுக்குத் தண்ணீர் மொள்ளக் குனிந்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒரே ஒரு வேளையாவது அது எனக்காகப் பட்டினி கிடந்திருக்கக் கூடாதா?